தினமும் தோளில் ஏறும் பை: திருமலையில் (திருகோணமலையில்) வடிவமைத்துத் தைக்கத் தொடங்குவோருக்கு

வீட்டில் ஒரு தையல் மெசின் இருக்கிறது, ஓரளவு தைத்த பழக்கமும் இருக்கிறது, வேலைக்கும் வகுப்புக்கும் போய்வருகிறவர்களுக்கு நல்ல பை தைத்து விற்கலாம் என்று யோசிக்கிறீர்களா? அப்படியானால் இதை வாசித்துவிட்டுத் துணி வாங்கப் போங்கள். முதல் அளவெடுப்பிலிருந்து முதல் பத்துப் பை கைக்கு வரும்வரை பத்து வாரம் ஒதுக்குங்கள். அதில் தைக்கும் வேலை இரண்டு வாரத்துக்கு மேல் போகாது. மிச்சக் காலமெல்லாம் பார்ப்பது, அளப்பது, சாமான் தேடுவது, மாதிரியைச் சுமந்து பார்ப்பது, கந்தோருக்கு அலைவது என்று போய்விடும்.

புதியவர்கள் மேசையில் வைத்துப் பார்த்துத்தான் பையை வடிவமைக்கிறார்கள். மேசையில் எந்தப் பையும் அழகாகத்தான் நிற்கும். பையின் சுகமும் வில்லங்கமும் தெரிவது மாறும் நேரங்களில்: ஓட்டோவால் இறங்கி பஸ்ஸுக்கு ஓடும்போது, பஸ்ஸுக்குள் நின்றபடி காசு எடுக்கும்போது, படகிலிருந்து இறங்குதுறைக்குக் கால் வைக்கும்போது. இந்த அரை நிமிடங்களை மனதில் வைத்து அளவும் வாயும் வாரும் முடிவாக வேண்டும். நிறமும் லேபலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பாதை

எல்லோருக்கும் பொருந்தும் பை என்று தொடங்கினால் ஒருவருக்கும் பொருந்தாத பைதான் வரும். மூதூரிலிருந்து படகில் வந்து கந்தோருக்கு நடப்பவர், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வரும் மாணவி, நிலாவெளிப் பக்க ஹோட்டலுக்கு ஸ்கூட்டரில் போகிறவர், சேலையுடன் குச்சவெளிப் பாடசாலைக்குப் போகிற ஆசிரியை. நான்கு பேருக்கும் நான்கு பை. இதில் ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். முதல் வருடம் அது போதும்.

பிறகு காலை ஆறரையிலிருந்து எட்டு மணிவரை மத்திய பஸ் நிலையத்தில் போய் நில்லுங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு விடயங்களை எழுதுங்கள்: எத்தனை கை சும்மா இருக்கிறது, எதை வெளியே எடுக்கிறார், பையை எங்கே வைக்கிறார், நனைய வாய்ப்பிருக்கிறதா. நெரிசலான பஸ்ஸுக்குள் நடத்துநர் காசு கேட்கும் நேரத்தைக் கவனித்தாலே பாதி வடிவமைப்பு வந்துவிடும். ஒரு கை மேல்கம்பியில். மற்றக் கையால் பையை முன்னுக்கு இழுத்து, பெரிய சிப்பைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டியை விலக்கி, அடியில் கிடக்கும் பேர்ஸைத் துழாவி எடுத்து, அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு சிப்பை மூடுகிறார். பஸ் பிரேக் போட்டால் தண்ணீர்ப் போத்தல் முன்சீற்றுக்காரரின் தலையில். இந்த ஆளுக்கு வேண்டியது ஒற்றைக் கையால் திறந்து மூடக்கூடிய ஒரு சின்னக் காசுப் பொக்கற். அதை எந்த இடத்தில் வைப்பது என்பதை நான்காம் படியில் பார்ப்போம்.

2. சாமானை நிறுங்கள், அளங்கள்

தெரிவுசெய்த ஆளைப்போன்ற ஐந்தாறு பேரிடம் கேட்டு, அவர்களுடைய பைகளில் உள்ளதை ஒவ்வொன்றாக நிறுத்துக் கொள்ளுங்கள். சமையலறைத் தராசு போதும். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. போத்தலின் எடை தனி. ஸ்டீல் போத்தலென்றால் இன்னும் பாரம். 14 அங்குல மடிக்கணினி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, சார்ஜரும் அதோடு சேரும். சாப்பாட்டுப் பெட்டி, குடை, சீ.ஆர். கொப்பி, பவர் பாங்க், மருந்து எல்லாம் கூட்டினால் நாலு கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

தோளில் சுமக்கும் பாரம் உடல் எடையில் பத்திலிருந்து பதினைந்து வீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 5 முதல் 7.5 கிலோ. வெறும் பையே 1.2 கிலோ இருந்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடலாம். 16 லீற்றர் பைக்கு 750 கிராம் என்று ஒரு கோடு கீறிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரெக்சினும் இரும்பு வளையமும் சேர்க்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் தராசைப் பாருங்கள்.

நீள அகலத்தில் இரண்டு பொருள்தான் கட்டளை போடும்: மடிக்கணினியும் சாப்பாட்டுப் பெட்டியும். மடிக்கணினி நிமிர்ந்து நிற்க வேண்டும். சாப்பாட்டுப் பெட்டி படுத்திருக்க வேண்டும். பெட்டி சரிந்தால் குழம்பு ஒழுகி அந்தப் பையை யாரும் மறுபடி தொட மாட்டார்கள். ஆகவே பையின் அடி ஆழத்தை முடிவுசெய்வது சாப்பாட்டுப் பெட்டிதான். அனேகமாக 14 செ.மீ. சரியாக வரும்.

3. அளவும் வாரும்

தோளில் மாட்டும் முதுகுப்பைக்கு 42 செ.மீ. உயரம், 28 அகலம், 14 ஆழம் என்று தொடங்குங்கள். பெருக்கிப் பார்த்தால் பதினாறரை லீற்றர் அளவில் வரும். ஆழத்தை 20 ஆக்கினால் நிறையப் போடலாம் என்று வாடிக்கையாளர் கேட்பார். கொடுக்காதீர்கள். பாரம் முதுகைவிட்டுத் தள்ளிப் போகப்போக அதே நாலு கிலோ தோளைப் பின்னுக்கு இழுக்கும். பஸ்ஸுக்குள் திரும்பும்போது பின்னால் நிற்பவரையும் இடிக்கும். மடிக்கணினி உறை முதுகோடு ஒட்டி இருப்பதும் இதற்காகத்தான். அந்த உறையின் அடி பையின் அடியைத் தொடக் கூடாது; 2 செ.மீ. மேலே தொங்கட்டும். பையைத் தரையில் தொப்பென்று வைக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு.

வார்தான் சுகத்தில் முக்கால் பங்கு. பஞ்சு வைத்த பகுதி 6.5 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளம், கழுத்தைவிட்டு விலகும்படி மெல்லிய வளைவு. நேரான வார் வெட்டச் சுலபம், துணியும் மிச்சம், ஆனால் கழுத்தின் ஓரத்தை அறுக்கும். மேலே இரண்டு வாருக்கும் இடையில் 6 செ.மீ. விடுங்கள். ஒடுங்கிய தோள்காரருக்கு 5 நல்லது. 10 செ.மீ. விட்டால் வார் தோளால் வழுகி விழும், பாவிப்பவர் நாள் முழுக்க அதை ஏற்றிவிட்டுக்கொண்டே திரிவார். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பைகளில் நான் அதிகம் காணும் குறை இது.

கீழ்ப்பக்க வாரை முக்கோணத் துணித் துண்டில் பிடித்து, அடித் தையலிலிருந்து 4 செ.மீ. மேலே, பக்க மூட்டுக்குள் வைத்துத் தையுங்கள். முதுகுத் துணியின் நடுவில் தைத்தால் அக்குளில் உரசும். வாரின் மிச்ச நுனி காற்றில் ஆடாமல் இருக்க ஓர் இலாஸ்ரிக் வளையம் கட்டாயம். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவரின் பை வார் செயினுக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஒரு பக்கத் தோளில் குறுக்காகப் போடும் பையென்றால் வார் அகலம் 38 மி.மீ., நீளம் 110 முதல் 140 செ.மீ. வரை கூட்டிக் குறைக்கும்படி. மொத்தப் பாரம் மூன்று கிலோவைத் தாண்டுமென்றால் இந்த வகையைத் தவிருங்கள். இரண்டு தோளும் சுமக்க வேண்டியதை ஒரு தோள் சுமக்கும்.

4. வாய் எங்கே திறக்க வேண்டும்

சேலை கட்டும் ஆசிரியையை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தானை மடிப்பு இடத் தோளில் ஊசி குத்தி நிற்கிறது. அங்கே வார் ஏறினால் மடிப்புக் குலையும், ஊசி துணியைக் கிழிக்கும். ஆகவே குறுக்குப் பையை அவர் வலத் தோளில் போட்டு இடுப்பின் இடப்பக்கம் தொங்கவிடுவார். வலக் கை உடம்பின் முன்னால் குறுக்காகப் போய்த்தான் திறக்கும். அப்போது சிப் முன்னிருந்து பின்னாகத் திறந்தால் இலகு, பின்னிருந்து முன்னாகத் திறந்தால் மணிக்கட்டு முறுகும். கடையில் விற்கும் பைகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. நீங்கள் யோசித்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு பாடசாலை முழுக்க உங்கள் பை போகும்.

சேலைக்கும் அபாயாவுக்கும் பக்கத்தில் வெல்க்ரோ வைக்காதீர்கள். அதன் கரட்டுப் பக்கம் மெல்லிய துணியின் நூலை இழுத்துவிடும். நெஞ்சுக்கு மேலே வரும் கிளிப்பும் கூடாது, ஹிஜாப் ஊசியில் மாட்டும். வாரைக் கூட்டிக் குறைக்கும் கிளிப் இடுப்புக்குக் கிட்ட வரட்டும்.

முதுகுப்பையென்றால் பஸ்ஸுக்குள் அது முன்னால் வந்துவிடும், அல்லது ஒரு தோளில் தொங்கும். முன்பக்கப் பொக்கற் அப்போது வெளியாரின் கைக்கு எட்டும் இடம். பேர்ஸும் அடையாள அட்டையும் அங்கே இருக்கக் கூடாது. முதுகைத் தொடும் பக்கத்தில், கீழிருந்து 12 செ.மீ. உயரத்தில், 18 செ.மீ. நீளச் சிப் வைத்து ஒளிவுப் பொக்கற் தையுங்கள். சில்லறைக்கு இடது வாரிலேயே 8 × 10 செ.மீ. சின்னப் பொக்கற். ஒற்றைக் கையால் திறக்கும்போது வார் நிலையாகப் பிடித்துக் கொடுக்கும், பையைத் திருப்பவே வேண்டாம்.

பெரிய வாய் கமான்போல மேலால் வளைந்து, இரு பக்கமும் அடியிலிருந்து 16 செ.மீ. உயரம்வரை மட்டும் இறங்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் நின்றபடி திறக்கும்போது சாமான் கொட்டும். உள் துணி இளஞ்சாம்பல் அல்லது மஞ்சள். கறுப்பு உள் துணிக்குள் திறப்புக் கோர்வையைத் தேடுவது பெரிய சோதனை. கந்தோர் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்லும்போதும் வெளிறிய உட்புறம் நேரத்தை மிச்சப்படுத்தும்.

பக்கப் பொக்கற்களில் ஒன்று போத்தலுக்கு, மற்றது நனைந்த குடைக்கு. குடைப் பக்கம் முழுக்க வலைத்துணி. போத்தல் பக்கம் அடியில் 8 மி.மீ. கண் ஒன்று அடித்துவிடுங்கள், தண்ணீர் தேங்காது. இரண்டையும் ஒரே பக்கம் வைக்காதீர்கள், பை சரிந்தே நிற்கும்.

5. துணி, சிப், பஞ்சு: கடற்காற்றுக்குத் தாங்குவது எது

திருமலையில் மூன்று எதிரிகள். வாடைக் காலத்து மழை, கச்சான் காலத்து வெயிலும் வியர்வையும், வருடம் முழுக்க உப்புக் காற்று.

துணியில் பாதுகாப்பான தெரிவு 600 டெனியர் பொலியெஸ்டர், உட்பக்கம் பூச்சுப் பூசியது. டெனியர் என்றால் 9,000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது. எண் கூடக்கூட நூல் தடிப்பு. 1,000 டெனியர் தாங்கும், ஆனால் வீட்டு மெசின் ஊசி உடையும், பையும் பாரமாகும். பருத்திக் கன்வஸ் பிடிக்குமென்றால் 10 அல்லது 12 அவுன்ஸ் எடுங்கள். அதை வெட்டுவதற்கு முன் 50 × 50 செ.மீ. துண்டொன்றைக் கழுவிக் காயவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்துவிட்டு, முழுத் துணியையும் கழுவிய பிறகே வெட்டுங்கள். மார்கழி ஈரத்தில் கன்வஸ் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

கடையில் நின்றபடி செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. துணியை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள், காற்று வந்தால் பூச்சு இல்லை. பூச்சுப் பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ பழைய சரக்கு, ஈரச் சூட்டில் பூச்சுச் சிதையத் தொடங்கிவிட்டது. வெளியே வந்து ஒரு நூலைப் பற்றவையுங்கள். உருகிக் கறுத்த மணியாக இறுகினால் செயற்கை, கடதாசிபோல எரிந்து சாம்பலானால் பருத்தி.

சிப்பில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பை பழுதாகிறது என்றால் அனேகமாக முதலில் போவது சிப்தான். சிப்பின் எண் மூடிய பல்லின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீற்றரில் சொல்வது. பெரிய வாய்க்கு 8, மற்றவற்றுக்கு 5. எண் 3 பாவாடைக்கு. நைலோன் சுருள் பல் வளைவில் நன்றாகத் திரும்பும். தடித்த பிளாஸ்ரிக் பல் மூலையில் விறைக்கும். உலோகப் பல் உப்பில் பச்சை பிடிக்கும். எதுவானாலும் ரன்னர் (பல்லைத் திறந்து மூட இழுக்கும் தலை) அனேகமாக உலோகம்தான், அதனால் தரமான ரன்னரைத் தனியாக வாங்குங்கள். வை.கே.கே. போன்ற சிப் இலங்கையில் கிடைக்கும், போலியும் கிடைக்கும். ரன்னரைப் பத்துத் தரம் இழுத்துப் பார்த்து, பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். ஆடினால் சில மாதத்தில் வாய் பிளக்கும்.

வார்ப் பட்டி 25 மி.மீ., பொலியெஸ்டர் அல்லது நைலோன். நைலோன் நனைந்தால் சற்று நீளும். பொலிப்ரொப்பிலீன் மலிவு, தண்ணீர் குடிக்காது, ஆனால் வெயிலில் நொய்ந்துவிடும், மெல்லியதென்றால் கிளிப்பில் வழுகும். நகரத்துச் சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் அனேகமாக இதுதான் முதலில் எடுத்துத் தரப்படும்.

பஞ்சுக்கு சாதாரண ஸ்பொஞ் வேண்டாம். தண்ணீரையும் வியர்வையையும் குடித்து நாறும், மூன்று மாதத்தில் தட்டையாகும். தண்ணீர் உள்ளே போகாத மூடிய கண்ணுள்ள ஈ.வி.ஏ. (ரப்பர்போன்ற நுரை) தகடு வாங்குங்கள்: முதுகுக்கும் வாருக்கும் 8 மி.மீ., அடிக்கு 5 மி.மீ. முதுகுப் பக்கத்தில் அதன் மேல் காற்றோடும் தடித்த வலைத்துணி.

நூல் பொலியெஸ்டர், டிக்கெட் 40. இந்த எண் தலைகீழ். எண் கூடினால் நூல் மெலிவு. ஊசி 16 அல்லது 18. தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. நெருக்கித் தைத்தால் பலம் கூடும் என்பது பிழை, ஊசித் துளைகள் வரிசையாகி தபால் முத்திரைத் தாளைப்போல அந்த இடத்திலேயே கிழியும்.

மழைக்கு உறை போடலாம் என்று கேட்பார்கள். மாறும் நேரத்தில் உறையை எடுத்துப் போட யாருக்கும் கை இல்லை. அது பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அதற்குப் பதில் சிப்பின் மேல் 2.5 செ.மீ. மூடித் துணி, அடிக்கு இரட்டைத் துணி, மேலே வானம் பார்க்கும் தையல் வராமல் வெட்டு. பூசிய துணி ஒழுகாது, ஊசித் துளைதான் ஒழுகும்.

6. வாங்கப் போகும்போது

முதல் மாதிரிக்கு எல்லாவற்றையும் திருமலையிலேயே பாருங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. மாதிரி சரியான பிறகு, பத்துப் பைக்குக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகலாம். ரயிலில் போனால் கோட்டை நிலையத்திலிருந்து நடை தூரம். ஞாயிறும் போயா தினமும் போகாதீர்கள், மொத்தக் கடைகள் அனேகமாகப் பூட்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் விலை பேசவே முடியாது.

ஒரு பைக்கு: வெளித்துணி 150 செ.மீ. அகலத்தில் 1 மீற்றர் (பத்துப் பையை ஒன்றாக வெட்டினால் ஆறரை மீற்றர் போதும்), உள் துணி முக்கால் மீற்றர், சிப் 1.4 மீற்றர், ரன்னர் ஐந்து, 25 மி.மீ. பட்டி 2 மீற்றர், தடித்த வலைத்துணி 30 செ.மீ., ஈ.வி.ஏ. 8 மி.மீ. 45 × 45 செ.மீ. துண்டு, 5 மி.மீ. 26 × 13 செ.மீ. துண்டு. துணியை ஒரே சுருளிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். கறுப்பிலேயே எத்தனை கறுப்பு இருக்கிறது என்பது பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். பில் கேட்டு வாங்குங்கள், ஒன்பதாம் படிக்கு அது தேவைப்படும்.

7. மட்டை, மாதிரி, தைக்கும் ஒழுங்கு

முதல் மாதிரியை நல்ல துணியில் தைக்காதீர்கள். உரப் பையிலோ பழைய படுக்கை விரிப்பிலோ தைத்து, இரண்டாம் படியில் நிறுத்துப் பார்த்த சாமான்களைப் போட்டு, தோளில் மாட்டிப் பாருங்கள். அதில் திருத்திய அளவைத் தடித்த மட்டையில் வெட்டிவையுங்கள். நடுக்கோடு, நூலோடும் திசை, தையல் இடம் (தையல் கோட்டுக்கு வெளியே விடும் விளிம்பு) மூன்றையும் மட்டையிலேயே குறியுங்கள்.

புதியவர் எல்லோரும் விழும் குழி, முன்முகத்தையும் முதுகையும் சுற்றி இணைக்கும் பக்கச் சுற்றுத் துண்டின் நீளம். 42 × 28 செ.மீ. முகத்தின் சுற்றளவு 140 என்று எண்ணி வெட்டுவார்கள். நான்கு மூலையையும் 6 செ.மீ. ஆரத்தில் வளைத்தால் சுற்றளவு 130 தான். அதோடு வெட்டு விளிம்பில் அளந்தால் இன்னொரு 6 செ.மீ. கூடிக் காட்டும், ஏனென்றால் 1 செ.மீ. தையல் இடம் வெளியே நிற்கிறது. எப்போதும் தையல் கோட்டில் நாடாவை நிமிர்த்திப் பிடித்து அளங்கள். 130இல் சிப் பகுதி 75, அடிப் பகுதி 55. இரண்டையும் மூட்ட நுனிக்கு 1 செ.மீ. வீதம் நான்கு நுனிக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். வளைவில் தைக்கும்போது சுற்றுத் துண்டின் ஓரத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 7 மி.மீ. ஆழத்தில் வெட்டுக் கொடுங்கள், சுருக்கம் விழாது.

தைக்கும் ஒழுங்கு: வாரும் கைப்பிடியும் முதலில். பிறகு முன்முகத்தில் பொக்கற்கள். முதுகில் பஞ்சு, வலைத்துணி, ஒளிவுப் பொக்கற் வைத்து வார்களைப் பிடியுங்கள். வார் பிடிக்கும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் அடையாளமும் தைத்து, உள்ளே ஒரு துண்டு பட்டியைத் தாங்கலாக வையுங்கள். அது இல்லாவிட்டால் தையல் நிற்கும், துணி கிழியும். அதன் பின் சிப் பகுதியையும் அடியையும் மூட்டி வளையமாக்கி, முன்முகத்தோடு சேர்த்து, கடைசியாக முதுகோடு சேருங்கள். இந்தக் கடைசித் தையலுக்கு முன் பெரிய சிப்பைத் திறந்துவையுங்கள். மூடியபடி தைத்துவிட்டால் பையை வெளியே புரட்ட வழியில்லை. உள்விளிம்பு முழுவதும் 25 மி.மீ. நாடாவால் மூடித் தையுங்கள். பூச்சுத் துணியின் ஓரம் அவிழ்ந்து நூல் சிப்பில் மாட்டும்.

வீட்டு மெசின் நாலு அடுக்கு வரை சமாளிக்கும். வார் பிடிக்கும் இடத்தில் பட்டி, பஞ்சு, துணி சேர்ந்து ஏழெட்டு அடுக்கு வரும். அந்த ஒரு வேலையை மட்டும் ஓட்டோ, மோட்டார் சைக்கிள் சீற் தைக்கும் குஷன் கடையில் கொடுங்கள். பத்துப் பையைச் சேர்த்துக் கொண்டுபோனால் கூலி பேசலாம். பிழையாகத் தைத்துப் பிரித்தால் பூச்சுத் துணியில் துளை அப்படியே நிற்கும், ஆகையால் தைக்க முன் அடுக்குகளைப் பிடிக்கக் குண்டூசிக்குப் பதில் துணிக் கிளிப் போட்டுவையுங்கள்.

8. விற்க முன் சோதனை

எட்டுக் கிலோ அரிசியைப் போட்டு ஒரு வாரில் மட்டும் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். மறுநாள் தையல் துளை நீண்டிருந்தால் தாங்கல் பட்டியைப் பெரிதாக்குங்கள்.

உள்ளே பத்திரிகைக் கடதாசியை அடைத்து, குளியலறைச் சவருக்குக் கீழே கால் மணி நேரம் வையுங்கள். எடுத்து விரித்தால் எந்த மூலையால் ஒழுகியது என்று கடதாசியே காட்டும்.

கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதே அளவில் உப்புக் கரைத்து, ரன்னர் மாட்டிய சிப் துண்டை நனைத்துக் காயவைத்து, ஒரு வாரம் தினமும் செய்யுங்கள். இறுகிப்போகிறதென்றால் அந்த ரன்னரை வாங்காதீர்கள். மூதூர்ப் படகில் போகிறவருக்கு விற்கும் பையோடு, வாரம் ஒரு தரம் சிப்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காய்ந்த பின் மெழுகுதிரியைத் தேய்க்கும்படி ஒரு துண்டுக் கடதாசியும் வையுங்கள்.

கடைசியாக, மூன்று பேருக்கு இரண்டு வாரம் இரவல் கொடுங்கள். உறவினருக்கு வேண்டாம், “நல்லாருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். வாங்கும்போது எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பொக்கற் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். வெறும் பொக்கற்றை அடுத்த பையில் எடுத்துவிடலாம். எடையும் கூலியும் குறையும்.

9. செலவும் விலையும்

கணக்குக்காக ஒரு பையை வைத்துக்கொள்வோம். பொருள் 2,000 ரூபாய். வெட்டுக் கழிவும் பழுதும் அதில் பத்து வீதம், 200. தையல் ஐந்து மணி நேரம், மணிக்கு 300 என்றால் 1,500. போக்குவரத்தில் ஒரு பங்கு 150. லேபலும் உறையும் 50. மொத்தம் 3,900. உங்கள் லாபம் 600 வைத்தால் 4,500.

கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் விற்ற விலையில் 25 வீதம் கேட்கிறார் என்று வைப்போம். 4,500க்கு மேல் 25 வீதம் கூட்டி 5,625 என்று போட்டால், அவர் தன் பங்கை எடுத்த பின் உங்கள் கைக்கு 4,219தான் வரும், 281 ரூபாய் குறைவு. 4,500ஐ 0.75ஆல் பிரித்து 6,000 என்று போட வேண்டும். உங்கள் சொந்த உழைப்புக்குக் கூலி போடாமல் விலை வைப்பதுதான் அடுத்த பிழை. ஆள் வைத்துத் தைக்கும் நாள் வந்ததும் அந்த விலை இடிந்து விழும், அப்போது கூட்டினால் பழைய வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

10. பதிவும் பெயரும்

உங்கள் சொந்தப் பெயரல்லாத வியாபாரப் பெயரில் விற்பதென்றால் அதைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். நகரத்தவருக்கு பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். கிண்ணியா, மூதூர், குச்சவெளிக்காரருக்கு அவரவர் செயலகம். விண்ணப்பப் படிவத்தோடு அடையாள அட்டைப் பிரதி, வேலை நடக்கும் இடத்தின் உறுதிப் பிரதி அல்லது வாடகை ஒப்பந்தம், இடம் வேறொருவருடையதென்றால் அவருடைய எழுத்துச் சம்மதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். முதலில் ஒரு நாள் போய்ப் படிவத்தையும் கட்டண விபரத்தையும் எழுதி எடுத்து வாருங்கள், பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுங்கள். கிராம அலுவலர் களத்துக்குப் போகும் நாட்களில் கந்தோரில் இருக்க மாட்டார், கேட்டுவிட்டுப் போவது நல்லது. இழுபறி வருவது அனேகமாக இடத்தின் பத்திரத்தில்தான். வீடு இன்னும் தகப்பனார் பெயரில் இருந்தால் சம்மதக் கடிதத்தை முதலே எழுதிவையுங்கள். வியாபாரப் பெயரில் வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறக்கப் போனால் வரி செலுத்துநர் இலக்கமும் கேட்பார்கள்.

பதிவு கைக்கு வரும்வரை லேபல் அச்சடிக்கக் கொடுக்காதீர்கள். பெயரை மாற்றச் சொன்னால் ஆயிரம் லேபல் வீண்.

வியாபாரப் பெயரைப் பதிந்தால் வியாபாரக் குறி (ட்ரேட் மார்க்) பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுவோர் பலர். அது வேறு, இது வேறு. குறிக்கு கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்த பட்டியலில் பைகள் 18ஆம் வகுப்பில் வரும். பதிவு பத்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். பையின் புதிய தோற்றத்தையே காக்க விரும்பினால் கைத்தொழில் வடிவப் பதிவு உண்டு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம், இரண்டு தரம் நீடித்தால் பதினைந்து. அதற்கு வடிவம் புதிதாக இருக்க வேண்டும். ஆகவே படத்தை முகநூலில் போடுவதும் கண்காட்சியில் வைப்பதும் விண்ணப்பித்த பிறகு. என் எண்ணத்தில், முதல் பத்துப் பையின் வடிவத்தைப் பதியச் செலவழிக்கத் தேவையில்லை, குறியை மட்டும் பாருங்கள்.

11. எந்த மாதத்தில் தொடங்குவது

ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை விட்டுவிட்டுப் பெய்யும். மழைக்குத் தாங்கும் பை விற்கப்படுவது முதல் பெரிய மழைக்கு அடுத்த நாட்களில்தான். அதற்கு புரட்டாதி முடிவில் பத்துப் பையும் கையில் இருக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால் ஆடி நடுவில் பஸ் நிலையத்தில் கொப்பியோடு நிற்க வேண்டும், ஆவணி நடுவில் மாதிரி இரவலில் போயிருக்க வேண்டும், அந்த இரண்டு வாரத்துக்குள் பிரதேச செயலக வேலையை முடித்துக்கொள்ளலாம். பாடசாலைத் தவணை தொடங்கும் நேரத்தைக் குறிவைத்தால், வெட்டும் வேலை அதற்கு ஆறு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தையற்காரர்கள் எல்லோரும் சீருடையில் மூழ்கியிருப்பார்கள்.

ஒவ்வொரு பத்துப் பைக்கும் ஐந்து ரன்னரும் இரண்டு கிளிப்பும் மேலதிகமாக வாங்கி, அந்தத் துணியின் ஒரு துண்டோடு சேர்த்து, விற்ற திகதி எழுதி ஓர் உறைக்குள் போட்டுவையுங்கள். ஆறு மாதத்தில் திருத்தக் கொண்டு வருகிறவருக்கு அதே நிறத்தில், அதே நாளில் திருத்திக் கொடுக்கலாம்.